நண்டுப்படைக்கு ஒரு பக்கம்

விழுப்புரத்து நெடுஞ்செழியனுக்கு இருந்த பட்டங்கள் எல்லாம் ஒரு பேனரில் அடங்காது. அவர் நடத்துவதே ஃபிளெக்ஸ் அச்சகம் என்பதால் அது அவருக்கு ஒரு சிரமமாகத் தெரிந்ததில்லை. இடம் போதாவிட்டால் பேனரைப் பெரிதாக்கிவிடுவார். கொடைவள்ளல், இளைஞர்களின் இதயத்துடிப்பு, வீதியின் விடிவெள்ளி என்று வளர்ந்துகொண்டே போன வரிசையில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது 'தலைமை விதிகாப்பாளர்'.

அவர் காத்துவந்தது 'ஏழ்கோட்டைப் போர்' என்கிற விளையாட்டின் விதிகளை. அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது நடக்கும். பிளைவுட் மேசையில் அட்டைக் கோட்டைகள், அவற்றுக்கு நடுவே விரல் உயரத்தில் பூதங்கள், வேதாளங்கள், வாள்வீரர்கள். இஞ்சு டேப்பால் அளந்து நகர்த்துவார்கள், பகடை உருட்டி வெட்டிக்கொள்வார்கள், எதிராளியின் கோட்டை வாசலில் யார் முதலில் கொடி நடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மேசைமேல் இருப்பவற்றை யாரும் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. 'சிற்றுருவம்' என்று சொல்ல வேண்டும். பொம்மை என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்ன கல்லூரிப் பையனுக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

அந்த விளையாட்டுக்கு இப்போது ஒரு விரிவு விதிநூல் வரப்போகிறது. பெயர் 'பேரரசர் எழுச்சி'. புதுப் படைகள், புது மந்திரங்கள், புது விதிகள். நூல் வந்த பிறகு அதில் இடம்பெறாத எந்தப் படையும் மேசை ஏற முடியாது என்று நெடுஞ்செழியன் அறிவித்துவிட்டார்.

அந்த அறிவிப்பில் மாட்டிக்கொண்டவள் அஸ்வினி.

அஸ்வினி திண்டிவனத்துக்காரி. அங்கே ஒரு பல் லேபில் பொய்ப்பல் செய்யும் வேலை. பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற அதே ரோஸ் நிறப் பொடியைக் கரைத்து, பல்லுக்கு அச்சு எடுக்கிற அதே மாவில் வார்ப்பு எடுத்து, ஒரு வருடமாகப் படை திரட்டியிருந்தாள். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரிச் சேற்றிலிருந்து கிளம்பி வருவதாக அவள் கற்பனை செய்த நண்டுப்படை. ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு முகம் உண்டு. ஒன்று முறைக்கும், ஒன்று கொட்டாவி விடும், ஒன்றுக்கு ஒரு கொடுக்கு இல்லை. நூலில் இடம் கிடைக்காவிட்டால் அத்தனையும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். நூலில் ஏற்கெனவே ஏறிவிட்ட மீசை வைத்த வாள்வீரர்களில் ஒரு படையை வாங்கி, நெடுஞ்செழியனின் மச்சான்மார்களைப் போலிருக்கும் அந்த முகங்களை அவள் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, டப்பாவை மேசைமேல் வைத்து, நேராகவே கேட்டாள்.

"தலைவரே, புக்குல நண்டுக்கு எடம் இருக்குதா இல்லியா?"

நெடுஞ்செழியன் டப்பாவைத் திறந்து பார்த்தார். "இன்னா தங்கச்சி, கொழம்பு வெக்கிறதுக்கா கொண்டாந்துக்கினு இருக்கற?"

பிரவீன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். பைக் ஷோரூமில் வேலை செய்கிற அவன் இங்கே தலைவருக்குத் தளபதி. தலைவர் தும்மினாலும் சிரிப்பான்.

"பக்கம் இல்லம்மா. புக்கு ஃபுல்லு" என்றார் நெடுஞ்செழியன்.

"எப்டி தலைவரே ஃபுல்லு? படையே அஞ்சாறுதான?"

"முன்னாடி வாழ்த்துரை இருக்குதுல்ல?"

இருந்தது. பேக்கரிக்காரர் வாழ்த்தியிருந்தார். கல்யாண மண்டப மேனேஜர் வாழ்த்தியிருந்தார். ஹோமியோபதி டாக்டர் ஒருவர், இது எதைப் பற்றிய நூல் என்று கேட்டுத் தொந்தரவு செய்யாமல், இதைப் படிப்பவர்கள் நோயற்ற வாழ்வு வாழ வாழ்த்தியிருந்தார். தலைவரின் மைத்துனர் சீனுவாசன் இரண்டு வாழ்த்துரை கொடுத்திருந்தார். ஒன்று மைத்துனர் என்கிற முறையில், இன்னொன்று அரிசி ஆலை அதிபர் என்கிற முறையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம், மேலே புகைப்படம். பூதங்கள் வருவதற்குள் வாசகன் இத்தனை பேரைத் தாண்டியாக வேண்டும்.

"அதுல ஒண்ண எடுத்துட்டா?" என்றாள் அஸ்வினி.

பிரவீன்குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வாழ்த்துரைய எடுக்கறதா?" என்றார் நெடுஞ்செழியன், யாரோ வீட்டுச் சுவரை இடிக்கச் சொன்னதுபோல. "சிஸ்டருக்கு ஒடம்பு சரியில்ல போல, டீ குடுங்கப்பா" என்றான் பிரவீன்குமார்.

ஜன்னலோரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். சர்வே ஆபீஸில் நிலம் அளந்து ஓய்வுபெற்றவர். மேசையில் தகராறு வந்தால் தீர்ப்பு அவருடையது. "பழைய புக்குல ஒரு விதி இருக்குதுங்க தலைவரே. மூத்த படைய ஜெயிச்ச புதுப் படைக்கு நூல்ல எடம் தரணும். நாம அத இன்னும் எடுக்கல."

நெடுஞ்செழியன் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பேனரில் போட்டே பழகியவர். "சரி. வர்ற ஞாயித்துக்கெழம என்னோட மோது. ஜெயிச்சா நண்டுக்கு ஒரு பக்கம். தோத்தா டப்பாவ மூடிடணும். சாயங்காலம் மெஷின்ல ஏறிடும் புக்கு, அதுக்கப்பறம் வந்து பேஜார் பண்ணக் கூடாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் படையின் நடுவில் நின்றது பேரரசர் செழியவேந்தன். மற்ற வீரர்கள் விரல் உயரம் என்றால் பேரரசர் தண்ணீர் பாட்டில் உயரம். சொந்தக் கோட்டையின் வாசலுக்குள் அவரால் நுழைய முடியாது. முகச்சாயல் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை; மீசை சொல்லிவிடும். ஆனால் அவரைத் தோற்கடிக்க முடியாததற்குக் காரணம் உயரம் அல்ல. விரிவு நூலுக்கென்று நெடுஞ்செழியன் கைப்பட எழுதிய 'சால்வை மரியாதை' என்கிற விதி.

எதிரிப் படைப்பிரிவு எதுவும் பேரரசரின் ஒரு சாண் தூரத்துக்குள் முதல்முறை வந்தால், அந்தச் சுற்றில் அது தாக்கக் கூடாது. நின்று, பேரரசருக்குச் சால்வை போர்த்த வேண்டும். சும்மா சொன்னால் போதாது, துணியை நிஜமாகவே போர்த்திக் காட்ட வேண்டும். 'பேரரசர் எவருடைய மரியாதையையும் மறுப்பதில்லை, நின்று ஏற்றுக்கொள்வார். அவ்வேளையில் அவர்தம் படை முழுவதும் கைகட்டி வணங்கி நிற்கும்' என்று விதி முடியும். அந்தக் கடைசி வரியை வாசிக்கும்போது நெடுஞ்செழியனின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

போன மாதம் அஸ்வினியும் மோதிப் பார்த்தாள். எல்லோரையும் போல மொத்தப் படையையும் ஒரே மூச்சில் அனுப்பினாள். நண்டுகள் கூட்டமாகப் போய் ஒரே சுற்றில் சால்வை போட்டு நின்றன. அடுத்த சுற்றில் பேரரசர் வாளைச் சுழற்ற, நண்டுகளைக் கூட்டி அள்ள வேண்டியிருந்தது.

அதையேதான் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். லேபில் ஒரு பாட்டியின் மேல்வரிசையில் இரண்டு கோரைப்பல்லைக் கூடுதலாக வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை திண்டிவனத்தில், வாழ்த்துரை எழுதிய மேனேஜரின் கல்யாண மண்டபத்தில் ஒரு விழா. நூல் இன்னும் அச்சாகவில்லை. அதனால் அதன் அட்டையை மட்டும் முதலில் வெளியிட்டார்கள். நூல் வெளியீட்டுக்கு முன்னோட்டமாக அட்டை வெளியீடு. அதற்கு அடுத்து பின்னட்டைக்கும் ஒன்று வைக்கலாம் என்று பேச்சு இருந்தது. அஸ்வினி தன் அக்கா பானுப்ரியாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பானுப்ரியா பிளவுஸ் தைப்பவள். பூதம், வேதாளம் எதிலும் அவளுக்கு ஈடுபாடு கிடையாது. மட்டன் பிரியாணி என்று கேள்விப்பட்டு வந்தாள்.

மேடையில் அட்டையைப் பிரித்துக் காட்டியது ஒரு நிமிட வேலை. அதற்கப்புறம் தொடங்கியது சால்வை. பேக்கரிக்காரர் போட்டார். டாக்டர் போட்டார். சீனுவாசன் இரண்டு முறை ஏறினார். கீழே வரிசை வாசல்வரை நீண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ, போட்டோவுக்கு ஒரு சிரிப்பு, மறுபடி கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு போட்டோ. தலைவர் தோளிலிருந்து கழற்றிய சால்வையைப் பின்னால் கைகட்டி நின்ற ஆட்களில் பிரவீன்குமார் மட்டும் மடித்துப் பக்கவாட்டுப் படியில் கொடுத்தனுப்ப, அதுவே வரிசையின் வாலில் நிற்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகையால் வரிசை முடிய வழியே இல்லை.

"ஏண்டி, இந்தாளு எப்போதான் எறங்குவாரு?" என்றாள் பானுப்ரியா.

"எறங்க முடியாதுக்கா. போடறவங்கள வேணாம்னு சொன்னா தப்பாயிடும்."

"பின்னால நிக்கறானுங்களே, அவனுங்க?"

"தலைவர் நிக்கறப்ப அவங்க எப்டி எறங்குவாங்க?"

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பரிசாரகர்களைத் தவிர காவலுக்கு யாரும் இல்லை. அழைப்பிதழே இல்லாத பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் ஓரமாக நடந்து போய், இலை போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, பீடாவோடு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அண்டாவின் அடி தட்டப்படுகிற சத்தம் கேட்டது. மேடையில் நெடுஞ்செழியனின் காதுக்கு அந்தச் செய்தி எட்டிவிட்டது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் எதிரே ஒருவர் சால்வையை விரித்துக்கொண்டு நின்றார். தலைவர் கழுத்தைத் தாழ்த்தினார்.

அஸ்வினி எழுந்தே விட்டாள்.

"அக்கா, வா போலாம். வூட்ல வெட்டுத் துணி இருக்குதா? ஜரிக வெச்சது?"

"பிரியாணிய வுட்டுட்டு துணிக்கு ஓட்றியா? லூசாடி நீ?"

"வழியில வாங்கித் தர்றேன். ஜல்தியா வா."

அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் தரையைப் போர்க்களமாக்கினாள். இஞ்சு டேப் போட்டு அளந்து சாக்பீஸ் கோடு கிழித்தாள். பேரரசர் இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள். நண்டு பக்கவாட்டில் மட்டும்தான் நகரும். எனவே மேசையின் ஓரமாகவே போய், மூலையில் திரும்பி, கோட்டை வாசலை அடைய வேண்டும். அதுவரை சுற்றுக்கு ஒரு நண்டு வீதம் பேரரசரிடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நண்டு ஒருமுறைதான் சால்வை போட முடியும். பெரிய படைகள் மூன்று நான்கு பிரிவாக அணிவகுத்துப் போகும்; நண்டு அணிவகுக்காது, ஒவ்வொன்றும் தனிப் பிரிவு. அதைச் சொல்லித்தான் இதுவரை எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் தடவை கணக்குப் போட்டபோது சால்வைக்கு நண்டு தீர்ந்துபோனது. மறுபடி நகர்த்தினாள். சனிக்கிழமைக்குள் பானுப்ரியாவுக்கே விதிகள் மனப்பாடம் ஆகியிருந்தன.

"கொடுக்கு இல்லாதது எதுக்குடி ஓரமாப் போவுது? அத சால்வைக்கு அனுப்பு. ஓட்ற நண்டா வாசலுக்கு அனுப்பு" என்று வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அப்படி மாற்றியதும் கணக்கு நேராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நல்ல கூட்டம். தோற்கப்போகிறவளைப் பார்க்க எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகத்தான் வருவார்கள். நெடுஞ்செழியன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். பேரரசரை மேசை நடுவே நிறுத்தி மீசையைத் தடவிவிட்டார், பொம்மையின் மீசையை அல்ல.

பேரரசர் படை நெருங்கி வந்தது. அஸ்வினி ஒரே ஒரு நண்டை நகர்த்தி ஒரு சாணுக்குள் வைத்தாள். ஊதா நிற ஜரிகைத் துண்டு ஒன்றை எடுத்துப் பேரரசரின் தோளில் போர்த்தினாள். கூட்டம் கைதட்டியது. பேரரசர் நின்றார், படை கைகட்டியது. மற்ற நண்டுகள் மேசை ஓரமாக ஊர்ந்தன.

அடுத்த சுற்று. இன்னொரு நண்டு, இன்னொரு துண்டு, பச்சை.

"இன்னா சிஸ்டர், ஒண்ணொண்ணா அனுப்பற? நண்டுக்குக் கூச்சமா?" என்றான் பிரவீன்குமார்.

"பெரிய மனுசரப் பாக்கப் போவுதுங்கல்ல. முண்டியடிக்கக் கூடாதுன்னு சொல்லி வளத்துருக்கேன்."

மூன்றாவது துண்டு விழுந்தபோதும் நெடுஞ்செழியன் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். நான்காவதில் பேரரசரின் மீசை மறைந்தது. ஐந்தாவதில் நெடுஞ்செழியன் ஓரத்து நண்டுகளைப் பார்த்தார். அவை மூலை திரும்பிக்கொண்டிருந்தன.

"போதும் தங்கச்சி. இந்தச் சால்வ வேணாம்னுட்டேன். இப்ப நான் வெட்றேன்."

"முடியாதுங்க தலைவரே" என்றார் ஜெகதீசன். விதியைப் படித்தார். "'எவருடைய மரியாதையையும் மறுப்பதில்லை.'"

"வில்லாளிங்கள வுட்டு அடிக்கறேன்."

"'படை முழுவதும் கைகட்டி.' கைய கட்டிக்கினு எப்டிங்க வில்ல இழுப்பாங்க?"

"எவன்யா இத எழுதனது?"

பிரவீன்குமார்கூடச் சிரிக்கவில்லை.

"மாத்திக்கங்க தலைவரே" என்றாள் அஸ்வினி. அடுத்த துண்டு அவள் கையில் தயாராக இருந்தது. "விதிகாப்பாளர் நீங்கதான. 'பேரரசர் சால்வையைத் திருப்பி அனுப்புவார்'னு ஒரு வரி போட்டுக்கங்க. நான் ஒத்துக்கறேன். தோத்துட்டுப் போறேன்."

பிரவீன்குமார் பேனாவை நீட்டினான். நெடுஞ்செழியன் வாங்கி, அச்சுக்குத் தயாராக இருந்த தாள்மேல் குனிந்தார். 'பேரரசர்' என்று எழுதினார். அங்கேயே பேனா நின்றது. திருப்பி அனுப்பிய சால்வை எப்படி இருக்கும்? பேக்கரிக்காரர் இந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? டாக்டர் என்ன நினைப்பார்? அடுத்த விழாவில் வரிசை எங்கே நிற்கும்? எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"பேரரசர் அப்டிலாம் செய்ய மாட்டாரு" என்றார், தாழ்ந்த குரலில்.

"அப்ப போத்தட்டுங்களா?"

"இரு, இரு. அரைப் பக்கம் தர்றேன் தங்கச்சி. கடைசியில, வெளம்பரத்துக்குப் பக்கத்துல. ஆட்டத்த இதோட நிறுத்திக்கலாம்."

"ஆடிடலாங்க." சிவப்புத் துண்டு விழுந்தது.

"முழுப் பக்கம்! ஆனா, நண்டுங்க பேரரசருக்குக் கப்பம் கட்டற படைன்னு போட்டுக்கறேன். மரியாதையா இருக்கும்."

"யாருக்குங்க மரியாத?" மஞ்சள் துண்டு.

பேரரசர் இருந்த இடத்தில் இப்போது துணிக்குவியல் ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றி, சால்வை போட்டு முடித்த நண்டுகள் பாதி வட்டமாக நின்றன. வரிசை முடிந்த மறுசுற்றில் அவை அத்தனையும் வெட்டுப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்செழியனும் இப்போது எண்ண ஆரம்பித்திருந்தார். சால்வை போடாத நண்டு, ஓரத்துப் படையைத் தவிர, ஒன்றுதான் பாக்கி. கொடுக்கு இல்லாத நண்டு. அவர் முகத்தில் மெல்லக் களை திரும்பியது.

அஸ்வினி அதை எடுத்தாள். அதைச் செய்தபோது அச்சு உடைந்து கை ஊனமாகிவிட்ட நண்டு. வேண்டாம் என்று தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோய்க் குவியலின் முன் வைத்து, கடைசித் துண்டைப் போர்த்தினாள். படை கைகட்டியது. பிறகு ஓரத்து நண்டைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். ஜெகதீசன் டேப்பை வைத்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், மறுபடி வைத்தார். வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே நின்று அளந்த பழக்கம், அவசரப்பட மாட்டார்.

"வாசல்ல இருக்குது" என்றார். "கொடிய நடும்மா."

பல்குச்சியில் ஒட்டிய கொடி. நட்டாள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அடித்தது பிரவீன்குமார் என்று பிறகு தெரியவந்தது. பழக்கதோஷத்தில் ஜெயித்தவர் பக்கம் அடித்துவிட்டான்.

இனி பக்கம். நெடுஞ்செழியன் வாக்கு மாறுகிறவர் அல்ல, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆனால் எந்த வாழ்த்துரையை எடுப்பது? எழுத்தைச் சிறிதாக்கலாமா என்றார். இரண்டு போட்டோவை ஒரு பக்கத்தில் போட்டால் யார் மேலே, யார் கீழே என்று வரும் என்று அவரே அதைத் தள்ளினார். கடைசியில் சீனுவாசனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஒரு சின்ன விசயம். உங்க ரெண்டுல ஒண்ண எடுக்கணும். மச்சானா இருக்கீங்களா, ரைஸ் மில்லா இருக்கீங்களா?" போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "சரி, ரைஸ் மில்லாவே இருங்க."

கீழே கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் காலியானது. அஸ்வினி உட்கார்ந்து நண்டுப்படையின் விதிகளை அடித்தாள். நெடுஞ்செழியன் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"படைத்தலைவர் பேரு போடலியே."

"இல்லீங்க."

"பேரு இல்லியா?"

"தலைவரே இல்ல."

"தலைவர் இல்லாம ஒரு படையா? மேல போட்டோ எடம் சும்மா கெடக்குதே. யாரயாச்சும் போடணும்ல." அவர் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. அங்கே எப்போதும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் இருக்கும்.

"அந்த எடத்துல இன்னும் நாலு வரி விதி வருது தலைவரே" என்றபடி அஸ்வினி அடித்துக்கொண்டே போனாள்.

முடித்ததும் அவள் கிளம்பிவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பானுப்ரியா போனில் எங்கேடி இருக்கிறாய் என்று கேட்டபோது, "அச்சுலதான் இருக்கேன், வர லேட்டாவும், நீ சாப்டு" என்றாள்.

"நம்பிக்க இல்லியா தங்கச்சி?" என்றார் நெடுஞ்செழியன்.

"நீங்க ஓட்டுங்க தலைவரே. நான் பாத்துக்கினு இருக்கேன்."

மெஷின் தடதடத்தது. மை காயாத முதல் தாள் வந்து விழுந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஓட்டி, தன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டாவது விதியில் ஒரு முற்றுப்புள்ளி விழவில்லை.

"நிறுத்துங்க" என்றாள். நெடுஞ்செழியன் நிறுத்தினார்.